திண்ணைப் பேச்சும் தீர்ப்பும்
(ஹாக்கிப் பார்வையாளர் உரையாடல் பற்றி ஓர் ஆய்வு)

முன்னுரை

விளையாட்டைப் பற்றிய கட்டுரைகள் கல்லூரி மலர்களுக்குப் புதியவை அல்ல. வென்ற அணியின் நிழற்படத்தை அச்சிடுகிறோம். கோப்பையைப் பெற்ற தலைவனைப் பாராட்டுகிறோம். ஆடுவோரின் ஒழுக்கம் பற்றியும் உடல்நலம் பற்றியும் எழுதுகிறோம். ஆனால் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கூவுகின்ற நம்மைப் பற்றி நாமே எழுதுவது அரிது. ஓர் ஆட்டத்தில் இருபுறமும் சேர்த்து இருபத்திரண்டு பேர் ஆடுகிறார்கள். ஆயிரக் கணக்கானோர் அதைப் பார்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கும் ஒரு போக்கு உண்டு, ஓர் இலக்கணம் உண்டு, சில வேளைகளில் ஒரு விலையும் உண்டு. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறேன். சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஹாக்கிப் போட்டியில் நம் அணி தோற்றதை நீங்கள் அறிவீர்கள். கடைசி நேரத்தில் நம் கோல் காப்பாளரின் கால்களுக்கு இடையே பந்து புகுந்தது. எல்லைக் கோட்டருகே நின்றிருந்த மாணவர் கூட்டம் அவருக்கு அங்கேயே ஒரு பட்டப் பெயர் சூட்டியது. 'ஓட்டைக் கூடை' என்பது அப்பெயர். அது மறுநாள் வகுப்பறைக்கு வந்தது. அதற்கு மறுநாள் உணவு விடுதிக்குப் போனது. ஒரு வாரத்தில் அந்த நண்பர் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்தப் பெயரை முதலில் கூவியவன் நான்தான்.

ஆய்வுக் களம்

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை. இப்பெயருக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் அழைக்க, திருவெஃகாவில் பள்ளி கொண்டிருந்த பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக் கொண்டு பின்னே போனார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை' எனப்பட்டு, நாளடைவில் ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் மனம் வருந்தி அழைக்க, மூவரும் திரும்பினார்கள். 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்ற பெயரும் அதனால் வந்ததே. இக்கதை ஈண்டு ஏன் வந்தது என்பதை முடிவில் கூறுவேன்.

எங்கள் தெருவில் தறி ஓசை கேட்காத பகல் இல்லை. பொழுது சாய்ந்த பின் தறிக் குழியிலிருந்து எழுந்தவர்கள் கால் நீட்டி அமரும் இடம் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் சனிக்கிழமை இரவு, தொலைக்காட்சிப் பெட்டியை அத்திண்ணைக்குக் கொண்டு வந்து வைத்தோம். சென்னை எழும்பூரில் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவும் மலேசியாவும் மோதின. அன்று திண்ணையில் கேட்ட பேச்சே இவ்வாய்வுக்கு அடிப்படை. கேட்டவற்றை அன்று குறித்து வைக்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். உடன் இருந்தவர்களிடமும் கேட்டுச் சரிபார்த்துக் கொண்டேன்.

ஆட்டத்தின் போக்கு

பேச்சை விளங்கிக் கொள்ள ஆட்டத்தின் போக்கை அறிதல் வேண்டும். ஹாக்கி இன்று பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. அந்தப் போட்டியில் இந்தியா லீக் சுற்றிலேயே மலேசியாவை 5-0 என்று வென்றிருந்தது. பாகிஸ்தானை 4-0 என்றும், அரையிறுதியில் ஜப்பானை 5-0 என்றும் வீழ்த்தியிருந்தது. அரியலூர் மாவட்டத்து இளைஞர் கார்த்தி செல்வம் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்திலும் அரையிறுதியிலும் கோல் போட்டிருந்தார். ஆகவே இறுதி ஆட்டம் வெறும் சடங்கு என்று எங்கள் திண்ணை முடிவு கட்டியிருந்தது.

9ஆம் நிமிடத்தில் பெனால்டி கார்னரில் ஜுக்ராஜ் சிங் கோல் போட்டார். 14ஆம் நிமிடத்தில் மலேசியா சமன் செய்தது. 18ஆம் நிமிடத்தில் மற்றொன்று. 28ஆம் நிமிடத்தில் இன்னொன்று. இடைவேளையின்போது இந்தியா 1-3 எனப் பின்தங்கி நின்றது. மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில், 45ஆம் நிமிடத்தில், அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கைக் கோலாக்கினார். அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொரு கோல் போட்டார். 56ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தது வெற்றிக் கோல். 4-3 என்ற கணக்கில் இந்தியா நான்காம் முறையாக அக்கோப்பையைக் கைக்கொண்டது.

அறுபது நிமிடம் நடந்த இவ்வாட்டத்தில் எங்கள் திண்ணை குறைந்தது நான்கு தீர்ப்புகளை வழங்கியது. ஒவ்வொன்றும் முந்தையதற்கு நேர் எதிரானது.

பேச்சின் வகைகள்

அன்றைய பேச்சை ஐந்து வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, முன்னுரைத்தல். "இன்னைக்கும் அஞ்சுதான். எழுதி வெச்சுக்கோ" என்றார் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். ஜுக்ராஜின் கோலுக்குப் பின் அது ஆறாயிற்று. முன்னுரைப்பவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. தன் சொல் பலிக்கிறதா என்பதையே பார்க்கிறான். சொல் பொய்க்கும்போது அவனுக்கு வரும் கோபம் தன்மேல் வர வேண்டியது. ஆனால் அது ஆடுவோர்மேல் திரும்புகிறது.

இரண்டாவது, பழி தேடல். மூன்றாம் கோல் விழுந்ததும் திண்ணை ஓர் ஆளைத் தேடத் தொடங்கியது. "கேப்டன் எங்கப்பா போயிட்டான்?" என்றது ஒரு குரல். "பின்னால ஒருத்தனும் இல்லை, எல்லாம் முன்னால ஓடிட்டானுங்க" என்றது மற்றொன்று. "கோல்ல நிக்கிறவன் தூங்கறான்" என்றது மூன்றாவது. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் தோல்விக்கு மட்டும் ஒரே ஆள் காரணமாக வேண்டும் என்று மனம் விரும்புகிறது. பதினொருவர் மேலும் பரவிக் கிடக்கும் குறையை எண்ணிப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒருவனைச் சுட்ட விரல் ஒன்று போதும்.

மூன்றாவது, ஏவுதல். "குடுடா!", "அடிடா!", "அந்தப் பக்கம் ஆள் இருக்கான் பாருடா!" என்று பெட்டியைப் பார்த்துக் கூவுதல். இதனால் எவருக்கும் தீங்கில்லை. கூவுவோர்க்குத் தொண்டை வலி, அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தூக்கக் கேடு, அவ்வளவே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நமக்குத் தெரிவது, நாம் உயரத்தில் இருக்கும் கேமராவின் கண்ணால் பார்ப்பதனால்தான். பந்தோடு ஓடுகிறவன் குனிந்து ஓடுகிறான்.

நான்காவது, சகுனம் பார்த்தல். 1-3 ஆனதும் பணிமனை அண்ணன், "இது தேறாது" என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். 45ஆம் நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்த ஆரவாரம் கேட்டு ஓடி வந்தார். திண்ணையில் காலை வைக்கப் போனவரை எல்லோரும் தடுத்தார்கள். "அண்ணே, நீ போனப்புறந்தான் கோல் விழுந்துச்சு. அங்கேயே நில்லு!" பாவம், அவர் மீதிப் பதினைந்து நிமிடமும் தெரு விளக்கின் கீழ் நின்று, எங்கள் முகங்களைப் பார்த்தே ஆட்டத்தைத் தெரிந்து கொண்டார். வென்றதும், "என்னாலதான்டா ஜெயிச்சுது" என்று அவரே மார்தட்டிக் கொண்டதுதான் வேடிக்கை.

ஐந்தாவது, பழமை பேசல். இதில் எங்கள் பெரியப்பா வல்லவர். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையைப் பெற்றபோது அவர் தறி பழகும் சிறுவர். வானொலியில் வந்த வர்ணனை இந்தியில் இருந்ததாம். ஒரு சொல்லும் விளங்கவில்லையாம். 'அசோக் குமார்' என்ற பெயரையும் குரல் உயர்ந்த விதத்தையும் வைத்தே கோல் என்று தெரிந்து கொண்டார்களாம். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றதையும் அவர் நினைவு கூர்ந்தார். "அன்னைக்கும் நாலு மூணுதான்" என்றார்.

அவர் கூறியது உண்மையே. ஆயினும் அதில் நாம் சிந்திக்க ஒரு செய்தி உண்டு. மாஸ்கோவில் இந்தியா முதலில் 3-0 என முன்னிலை பெற்றது. பிறகு ஸ்பெயின் விரட்டி வந்து, கடைசியில் 4-3 என்று இந்தியா தப்பிப் பிழைத்தது. சென்னையிலோ பின்தங்கியிருந்து எழுந்து வென்றது. இரண்டும் 4-3தான், ஆனால் ஒன்று கையிலிருந்து நழுவப் பார்த்த வெற்றி, மற்றொன்று கைவிட்டுப் போனபின் மீட்ட வெற்றி. செய்தித்தாளில் எண்ணை மட்டும் படிப்பவனுக்கு இவ்வேறுபாடு தெரியாது. ஆட்டத்தை இடைவேளையோடு விட்டுப் போனவனுக்கும் தெரியாது.

பார்வையாளர் காணாதவை

இவ்வைந்து வகைக்கும் அப்பால் அன்று ஆறாவதாக ஒரு பேச்சைக் கேட்டேன். அதைச் சொன்னவரும் பெரியப்பாதான். இடைவேளையில் எல்லோரும் ஏசிக் கொண்டிருந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: "பந்தையே பாக்காதீங்கடா. பந்து இல்லாத ஆளைப் பாருங்க. கோர்வையில நாடா தள்றவனை எவன் பாக்கறான்? கரை நல்லா இருந்தா நெய்தவன் பேரைச் சொல்றான். கரை பிசகினா மட்டும் பக்கத்துல உக்காந்தவனைத் தேடறான்."

காஞ்சிப் பட்டை அறியாத நண்பர்களுக்காக இதை விளக்குகிறேன். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பின்னிக் கோக்க வேண்டும். தறியில் அமர்ந்த ஒருவரால் மட்டும் அது ஆகாது. பக்கத்தில் அமர்ந்து கரைக்கு நாடா செலுத்த ஒரு துணையாள் வேண்டும். அத்துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவோ இளைஞனாகவோ இருப்பார். கடையில் சேலையை விரித்துப் பார்ப்பவர் கண்ணில் அவர் கை தென்படுவதே இல்லை. ஹாக்கியும் அவ்வாறே. கோல் போட்டவன் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது. எதிரியை இழுத்துக் கொண்டு ஓடி வழி திறந்து விட்டவனை எவரும் சொல்வதில்லை.

ஹாக்கியின் விதிகளையும் சற்று நோக்குவோம். பந்தை எங்கிருந்து அடித்தாலும் கோல் ஆகிவிடாது, 14.63 மீட்டர் அளவில் வளைந்த வட்டத்துக்குள் தாக்கும் அணியினர் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல். கோல் வாயின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பெனால்டி கார்னரின்போது காப்பாளரோடு சேர்த்து ஐவர்தாம் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற அறுவரும் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு பந்து வட்டத்தின் விளிம்பிலிருந்து வருகிறது என்று கொள்வோம். அது கோலை அடைய ஏறக்குறைய அரை வினாடி ஆகும். நாம் 'ஐயோ' என்று வாய் திறக்கும் நேரம் அது. அந்த நேரத்துக்குள் காப்பாளர் பந்தைக் காண வேண்டும், எப்பக்கம் வருகிறது என்று முடிவு செய்ய வேண்டும், பாய வேண்டும். நடுவில் ஒரு மட்டையில் பட்டுத் திசை மாறினால் அவர் செய்த முடிவெல்லாம் வீண்.

பச்சை அட்டை காட்டப்பட்டால் ஒரு வீரர் இரண்டு நிமிடம் வெளியே இருப்பார். மஞ்சள் அட்டை என்றால் ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ. எஞ்சிய பத்துப் பேர் அவருடைய இடத்தையும் சேர்த்துக் காக்கிறார்கள். 'ஆள் இல்லாமல் விட்டான்' என்று நாம் ஏசும் இடத்தில் சில வேளை உண்மையிலேயே ஆள் இல்லை. களத்தில் அருகே நின்று பார்க்கின்ற நடுவர்களே தம் கண்ணை முழுவதும் நம்புவதில்லை. ஐயம் எழுந்தால் வீடியோ நடுவரைக் கேட்கிறார்கள். அணிகளும் முறையிடலாம், படம் மெதுவாக ஓட்டிப் பார்க்கப்படும், தீர்ப்பு மாறுவதும் உண்டு. பத்து அடி தூரத்தில் நிற்கும் நடுவருக்கு உள்ள இந்த அடக்கம், எழுபது கிலோ மீட்டருக்கு அப்பால் திண்ணையில் இருக்கும் நமக்கு இல்லாமற் போனது ஏன்?

ஒரு தீர்ப்பின் விலை

தவறான பேச்சு காற்றோடு போய்விடும் என்று சிலர் கருதலாம். போகாது என்பதற்கு நம் நாட்டு விளையாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

1982இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 7-1 எனத் தோற்றது. அன்று இந்தியக் கோலைக் காத்தவர் மீர் ரஞ்சன் நேகி. ஏழு கோல்கள் விழுந்தன என்றால் ஏழு முறை நடுக்களமும் பின்களமும் ஊடுருவப்பட்டன என்பது பொருள். ஆனால் பழி முழுதும் ஒருவர் தலையில் விழுந்தது. திறமைக் குறைவு என்று சொல்லி நிறுத்தவில்லை. பகைவரிடம் பணம் வாங்கிக் கொண்டு விட்டுக் கொடுத்தார் என்றும் பேசினார்கள். எவ்விதச் சான்றும் இன்றி எழுந்த அப்பேச்சு பல்லாண்டு அவரைத் தொடர்ந்தது. இந்திய அணியில் அவர் ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

நேகி ஹாக்கியை விட்டுவிடவில்லை. 1998இல் பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குக் கோல் காப்புப் பயிற்சி அளித்தவர் அவர். 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மகளிர் அணியின் பயிற்சிக் குழுவிலும் அவர் இருந்தார். 2007இல் வெளிவந்த 'சக் தே இந்தியா' என்ற இந்தித் திரைப்படத்தின் கதைக்கு இவர் வாழ்க்கையும் ஒரு தூண்டுகோல் என்பர். அப்படத்தில் நடித்தவர்களுக்கு ஹாக்கி கற்றுக் கொடுத்தவரும் இவரே. படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில், 1982இல் அவரை ஏசியவர்களும் இருந்திருப்பார்கள். ஏசியதற்கும் கண்ணீருக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளை அவருக்குத் திருப்பித் தருவார் யார்?

சேப்பாக்கம் தந்த பாடம்

பார்வையாளர் என்றால் பழிப்பவரே என்று கூறினால் அதுவும் ஒருதலையான தீர்ப்பாகிவிடும். 1999ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் டெஸ்ட் ஆட்டத்தைத் தோற்றது. முதுகு வலியோடு ஆடி 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் வெற்றிக்கு அருகில் வந்து ஆட்டமிழந்தார். அரங்கில் ஒரு கணம் பேரமைதி. பிறகு கூட்டம் எழுந்து நின்று வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவ்வணியினர் அரங்கைச் சுற்றி ஓடி வந்து அந்த அன்பை ஏற்றுக் கொண்டார்கள். தோல்வியின் துயரம் அன்று எவருக்கும் குறைவாக இல்லை. துயரத்தோடேயே எதிரியின் ஆட்டத்தையும் காணும் கண் அக்கூட்டத்துக்கு இருந்தது. தமிழ்நாட்டுப் பார்வையாளரின் பெயரை உலகுக்குச் சொன்ன நாள் அது.

இன்று தொழில்முறை அணிகள் வந்துவிட்டன. 2013இல் தொடங்கி 2017இல் நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பர் 28இல் மீண்டும் தொடங்கியபோது 'தமிழ்நாடு டிராகன்ஸ்' என்ற பெயரில் நமக்கும் ஓர் அணி அமைந்தது. அதன் கோலைக் காக்க ஏலத்தில் எடுக்கப்பட்டவர்களுள் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் ஒருவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியா அயர்லாந்தை 3-2 என்று வென்றபோது எதிர்ப்புறக் கோலில் நின்றவர் அவர். அன்று அவரைக் கடந்து சென்ற பந்துகளுக்காகக் குதித்தோம். பின்னொரு நாள் அவர் தடுத்த பந்துகளுக்காகக் கைதட்டினோம். ஆள் ஒருவரே, சட்டைதான் வேறு. சட்டையைப் பார்த்துப் பேசுவதா, ஆட்டத்தைப் பார்த்துப் பேசுவதா என்ற கேள்வியை இத்தகைய போட்டிகள் நம்முன் வைக்கின்றன.

ஆய்வின் முடிபுகள்

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிபுகள் நான்கு.

ஒன்று, ஆட்டம் முடியும் முன் கூறப்படும் தீர்ப்பு ஆட்டத்தைப் பற்றியது அன்று. கூறுபவரின் அச்சத்தையோ ஆசையையோ பற்றியது.

இரண்டு, கோல் என்பது ஒரு நிகழ்ச்சியின் கடைசிக் கண்ணி. அதற்கு முன் எத்தனையோ கண்ணிகள் அறுந்திருக்கும். கடைசியில் நிற்பவனை மட்டும் குற்றவாளி ஆக்குவது, அவன் கடைசியில் நிற்பதற்குத் தரும் தண்டனையே.

மூன்று, ஆட்டத்தைக் குறை கூறலாம், கூறத்தான் வேண்டும். 'அந்தப் பந்துக்குக் காலை மூடியிருக்கலாம்' என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. 'ஓட்டைக் கூடை' என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முன்னதால் ஒருவன் திருந்துவான், பின்னதால் ஒதுங்குவான்.

நான்கு, தொலைக்காட்சியில் ஆடுபவனுக்கு நம் திண்ணைப் பேச்சு கேட்பதில்லை. கல்லூரி மைதானத்தில் ஆடுபவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. திண்ணையில் பழகிய நாக்கோடு மைதானத்துக்கு வந்ததே என் பிழை என்பதை இப்போது உணர்கிறேன்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அந்த நண்பரைத் தேடிச் சென்றேன். மரத்தடியில் அமர்ந்து பாடம் படித்துக் கொண்டிருந்தார். நான் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, "நீ சொன்னது பொய் இல்லைடா, பந்து என் கால் நடுவிலேதான் போச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அதுக்கு முன்னாடி நம்ம ஆள் மட்டையிலே பட்டுத் திரும்புச்சு. அந்தப் பக்கம் நின்ன உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா அவனுக்கு ஒரு பேர் வெச்சிருப்பீங்க" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கோல் காப்பாளரின் வேலை களத்தோடு முடிவதில்லை என்பதையும், அவர் அன்று தடுத்த பந்து ஒன்று எவர் கண்ணுக்கும் படவில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்து கொண்டேன்.

ஓரிக்கையின் கதைக்கு வருகிறேன். ஒருவன் தோற்று வெளியேறும்போது அவனை வழியனுப்பிவிட்டு இருந்த இடத்தில் இருந்துவிடுவது எளிது. உடன் எழுந்து போவது அரிது. ஆழ்வார் எழுந்து போனார்; அவருக்காகப் பாம்பணையில் கிடந்தவரும் எழுந்து போனார். ஓர் இரவு உடன் தங்கியதற்கே ஓர் ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. இரசிகன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வாண்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. நண்பர் இன்னும் வரவில்லை. நாள்தோறும் மாலையில் மைதானத்துக்குச் சென்று, காலுறையையும் தலைக்கவசத்தையும் எடுத்துக் கோலருகே வைத்துவிட்டு நிற்கிறேன். 'வருகிறேன்' என்று அவர் சொல்லவில்லை. 'வரமாட்டேன்' என்றும் சொல்லவில்லை. அவர் வரும் நாளில், நண்பர்களே, எல்லைக் கோட்டருகே நீங்களும் வந்து நில்லுங்கள். கூவுவதற்கு அவருடைய சொந்தப் பெயரே போதும்.